பெயர் தெரியாத நரம்புக் கோளாறு: நோயறிதலுக்குக் காத்திருக்கும் மாதங்களில் செய்ய வேண்டியவை

என் தங்கைக்கு 31 வயதானபோது ஒரு நாள் வலது கண்ணின் பார்வை மங்கியது. கண்ணை அசைத்தால் உள்ளே வலித்தது. அந்தக் கண்ணால் மட்டும் பார்த்தால் குங்குமச் சிவப்புச் சேலை வெளுத்த செங்கல் நிறமாகத் தெரிந்தது. 3 வாரங்களில் பார்வை தானாகத் தெளிந்துவிட்டதால், மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை அலமாரியில் போட்டுவிட்டு மறந்துபோனோம். 14 மாதங்கள் கழித்து அவளுடைய இடது பாதத்தில் மதமதப்பு தொடங்கி, ஒரே வாரத்தில் இடுப்புவரை ஏறியது. அப்போது பார்த்த எந்த மருத்துவரிடமும் நாங்கள் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. கண் வேறு, கால் வேறு என்றே நினைத்திருந்தோம். வீடு மாறியபோது அந்தச் சீட்டும் தொலைந்துபோயிருந்தது. இரண்டும் ஒரே நோயின் இரண்டு வருகைகள் என்று தெரியவர மேலும் 9 மாதங்கள் ஆயின.

கை கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், இரட்டைப் பார்வை, காரணம் தெரியாத மயக்கம், நடுக்கம், தசை பலவீனம் என்று ஏதோ ஒன்று வந்து, சோதனைகள் நடந்துகொண்டிருந்தும் நோயின் பெயர் இன்னும் தெரியாமல் இருப்பவர்களுக்கும், அவர்களோடு மருத்துவமனைக்குப் போய்வருகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. தங்கையோடு நரம்பியல் புறநோயாளிப் பிரிவின் வரிசைகளில் நின்று கற்றுக்கொண்டதையும், பொறுமையாக விளக்கிய மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் மட்டுமே சொல்கிறேன். எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன்பே நரம்பியல் மருத்துவர் பாதி முடிவுக்கு வந்துவிடுகிறார். அந்த முடிவு, எது, எங்கே, எப்போது, எவ்வளவு வேகத்தில் வந்தது என்று நாம் சொல்லும் வரலாற்றிலிருந்து பிறக்கிறது. காத்திருக்கும் மாதங்களில் அந்த வரலாற்றைச் சிதையாமல் காப்பாற்றி வைப்பதே நம் முதல் வேலை.

முதலில், காத்திருக்கக் கூடாதவை

சில அறிகுறிகளுக்கு அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் உதவாது. வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ திடீரென்று விழுந்துபோதல், பேச்சு குழறுதல், திடீரென்று பார்வையோ சமநிலையோ போதல் ஆகியவை பக்கவாதத்தின் அடையாளங்கள். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால், அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். விழுங்கும் தசையும் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஆகவே தண்ணீரோ காபியோ புகட்ட வேண்டாம். பத்து நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஏனென்றால் அது பெரிய பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பாக இருக்கக்கூடும்.

பாதத்தில் தொடங்கிய பலவீனம் நாளுக்கு நாள் மேலே ஏறுகிறது, மாடிப்படி முடியவில்லை, பிறகு தரையிலிருந்து எழ முடியவில்லை என்றால், அது 2025 தொடக்கத்தில் புணேயில் பலரைப் பாதித்துச் செய்திகளில் அடிபட்ட, உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோயாக இருக்கலாம். பெரும்பாலும் ஒரு வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து ஓய்ந்தபின் இது தொடங்கும். 4 வாரங்களுக்குள் உச்சத்தை எட்டும். சிலருக்கு மூச்சுத் தசைகளையே தாக்கும். எனவே தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு நேரே செல்ல வேண்டும். முதுகுவலியோடு இரண்டு கால்களும் தளர்வது, சிறுநீர் வராமல் அடைப்பது, சைக்கிள் சீட்டில் படும் இடமெல்லாம் மரத்துப்போவது, வாழ்நாளில் காணாத தலைவலி நொடியில் வெடிப்பது, காய்ச்சலோடு கழுத்து விறைத்து மனம் குழம்புவது, இமை தொங்குவதோடு விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமப்படுவது ஆகியவையும் அன்றே பார்க்க வேண்டியவை.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பதும், பற்களுக்கு இடையே கரண்டி வைப்பதும் நம் ஊரில் இன்னும் நடக்கின்றன. சாவியால் பயன் எதுவும் இல்லை. கரண்டியால் பல் உடையும், மூச்சும் அடைக்கலாம். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே மடித்த துணி வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடங்களைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும்.

மருத்துவர் எதைத் தேடுகிறார்

இவை எதுவும் இல்லாமல், மெதுவாகவோ விட்டுவிட்டோ வரும் தொல்லை என்றால் நிதானமாகச் செயல்படலாம். நரம்பியல் மருத்துவர் தம் மனத்துக்குள் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறார் என்பதைத் தெரிந்துகொண்டால் நம் பங்கு எளிதாகிவிடும். கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்பது முதலாவது: மூளையிலா, தண்டுவடத்திலா, அங்கிருந்து புறப்படும் நரம்பு வேரிலா, கை கால்களுக்கு ஓடும் நரம்பிலா, நரம்பும் தசையும் சேரும் சந்திப்பிலா, தசையிலேயா? அது எந்த வேகத்தில் வந்தது என்பது இரண்டாவது. நொடியில் வந்தது இரத்தக் குழாயைச் சுட்டும். நாள்களிலும் வாரங்களிலும் வளர்ந்தது அழற்சியையோ தொற்றையோ சுட்டும். மாதங்களிலும் ஆண்டுகளிலும் ஊர்ந்து வந்தது சத்துக் குறைவு, மெல்ல வளரும் கட்டி, நரம்பணுக்களின் சிதைவு போன்றவற்றைச் சுட்டும். வந்து வந்து முழுதாக விலகுவது வலிப்பையும் ஒற்றைத் தலைவலியையும் நினைவூட்டும். இவற்றுக்கு விலக்குகள் உண்டு என்றாலும் விசாரணை இப்படித்தான் தொடங்குகிறது.

என் தங்கைக்கு வந்தது, உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையையும் தண்டுவடத்தையும் பார்வை நரம்பையும் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ். அந்த நோயை உறுதி செய்யும் மெக்டொனால்டு அளவுகோல் 2001-இல் வகுக்கப்பட்டது. அன்று அதன் அடிப்படையே, மைய நரம்பு மண்டலத்தின் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில் தாக்குதல் நடந்ததற்குச் சான்று வேண்டும் என்பதாக இருந்தது. 2017-இல் திருத்தியபோது, தண்டுவட நீரில் காணப்படும் சில புரதக் கீற்றுகளையும் காலத்துக்கான சான்றாக ஏற்றுக்கொள்ள வழி செய்தார்கள். நாங்கள் தொலைத்த கண் மருத்துவச் சீட்டு, இடத்துக்கும் காலத்துக்கும் ஒருசேரச் சான்றாக இருந்திருக்கும்.

குறிப்பேடு

ஆகவே ஒரு நோட்டு வாங்குங்கள். அலைபேசியிலும் எழுதலாம், ஆனால் மருத்துவரின் மேசையில் விரித்து வைக்க நோட்டுதான் வசதி. முதல் பக்கத்தில், இன்றைய தொல்லையைப் பற்றி எழுதுவதற்கு முன், கடந்த 10 ஆண்டுகளில் வந்து தானாகப் போன எல்லாவற்றையும் நினைவுகூர்ந்து எழுதுங்கள்: சில வாரங்கள் மங்கிய பார்வை, ஒரு மாதம் மரத்திருந்த முகம், காரணமின்றிக் கீழே விழுந்தது, பள்ளி நாள்களில் வந்த வலிப்பு. ஆண்டு நினைவில்லாவிட்டால் “பொங்கலுக்கு முன்”, “மூத்தவள் பிறந்த வருடம்” என்று குறித்தால் போதும். வீட்டில் மூத்தவர்களிடமும் கேளுங்கள். இரத்த உறவில் திருமணம் செய்த குடும்பமா, உறவினர் யாருக்காவது இதே போன்ற நடையோ நடுக்கமோ இருந்ததா என்பதும் அந்தப் பக்கத்தில் இடம்பெற வேண்டும்.

அடுத்த பக்கங்களில், நாள்தோறும் நான்கு வரி போதும். எப்போது தொடங்கியது, உச்சத்தை எட்ட எவ்வளவு நேரம் ஆனது, எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தப் பக்கம், எதனால் கூடியது, எதனால் தணிந்தது. மாதவிடாய், காய்ச்சல், தூக்கமின்மை, புதிய மாத்திரை, கடும் வெயில் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை உடம்பைச் சோதித்து எழுதத் தொடங்கினால், கவனமே தொல்லையைப் பெருக்கிவிடும் என்பதால் இரவில் ஒருமுறை எழுதி மூடிவிடுவது நல்லது.

இதைவிட முக்கியமானது, அன்றாட வேலைகளில் என்ன மாறியது என்று எழுதுவது. நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தது தெரியவில்லை என்றால் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கிறது. தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை, தலை சீவக் கையைத் தூக்க முடியவில்லை என்றால் இடுப்பையும் தோளையும் ஒட்டிய தசைகள் தளர்ந்திருக்கலாம். முகம் கழுவக் கண்ணை மூடியதும் தள்ளாடுகிறது, பஞ்சின் மேல் நடப்பது போலிருக்கிறது என்றால், கால் இருக்கும் நிலையை மூளைக்குச் சொல்லும் பாதையில் குறை இருக்கிறது என்று மருத்துவர் ஊகிப்பார். காலையில் நன்றாக இருந்த இமை மாலையில் தொங்குகிறது, சாப்பாட்டின் பாதியில் மெல்ல முடியாமல் போகிறது என்றால், நரம்பும் தசையும் சேரும் சந்திப்பைப் பாதிக்கும் மயஸ்தீனியா கிராவிஸ் நோய் நினைவுக்கு வரும். தலையைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வது போலிருப்பதும், வெந்நீர்க் குளியலுக்குப் பின் பார்வை மங்குவதும் மதிப்புள்ள தடயங்கள். இவற்றையெல்லாம் மருத்துவர் கேட்காமலேயே நாம் சொல்லலாம்.

வந்து போகும் தொல்லையைக் கைபேசியில் படமெடுங்கள். வலிப்பு, நடுக்கம், தொங்கும் இமை, மாறிய நடை ஆகியவை மருத்துவரின் அறைக்குள் வரும்போது மறைந்துவிடும் இயல்புடையவை. வலிப்பென்றால் முகமும் கைகளும் தெரியும்படி, கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது புலப்படும்படி எடுப்பது நல்லது. கண்ணால் பார்த்தவரையே ஆலோசனைக்கும் கூட அழைத்துச் செல்லுங்கள். நினைவிழந்தவருக்குத் தமக்கு நடந்தது தெரியாது.

சொற்களில் கவனம்

நம் பேச்சுத் தமிழில் ஒரே சொல் பல நோய்களுக்கு வாசலாக இருக்கிறது. “தலைசுற்றல்” என்று சொன்னால் மருத்துவருக்கு மூன்று பொருள்கள் தோன்றும்: அறையே சுழல்வது, கண் இருட்டி மயக்கம் வருவது போலிருப்பது, தலை தெளிவாக இருந்தும் கால் நிலையில்லாமல் தள்ளாடுவது. முதலாவது உள்காதையும் மூளைத்தண்டையும், இரண்டாவது இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும், மூன்றாவது சிறுமூளையையும் பாத உணர்ச்சியையும் நோக்கிப் போகும். அதேபோல் “கை வரவில்லை” என்பது உணர்ச்சி இல்லை என்பதா, வலு இல்லை என்பதா, வலிக்கும் என்று பயந்து அசைக்கவில்லை என்பதா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். உடம்பு முழுதும் அசதியாக இருப்பதும், ஒரு குறிப்பிட்ட தசை வேலை செய்ய மறுப்பதும் வேறு வேறு.

“நரம்புத் தளர்ச்சி” என்ற சொல்லைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். விளம்பரத் தட்டிகளில் நெடுங்காலமாக இருக்கும் அந்தச் சொல் குறிப்பிடும் நோய் எதுவும் நரம்பியலில் இல்லை. அதைக் கேட்டதும் உங்கள் தனிப்பட்ட தொல்லை மறைந்து ஒரு பொதுவான பெயர் மட்டுமே எஞ்சும்.

ஆலோசனை அறையில் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள் என்பதால், தொடக்கத்தை மட்டும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளலாம். உதாரணமாக: “மார்ச் 10 அன்று காலை எழுந்தபோது இடது பாதம் மதமதத்தது. 7 நாள்களில் இடுப்புவரை ஏறியது. 3 வாரங்கள் அப்படியே இருந்து, இப்போது பாதிக்குமேல் குறைந்திருக்கிறது. வலு குறையவில்லை, சூடு குளிர்ச்சி தெரியவில்லை. சிறுநீர் அவசரமாக வருகிறது. 14 மாதங்களுக்கு முன் வலது கண் 3 வாரங்கள் மங்கியிருந்தது.” சிறுநீர், மலம், தாம்பத்தியம் ஆகியவற்றில் வந்த மாற்றத்தைச் சொல்லக் கூச்சப்படுகிறோம். தண்டுவடத்தில் கோளாறா என்பதைக் காட்டிக்கொடுப்பது பல நேரங்களில் இவைதான்.

கோப்பு

ஓ.பி. சீட்டு, இரத்தப் பரிசோதனை, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். ஒவ்வொன்றையும் புகைப்படமெடுத்து நெருங்கிய ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஸ்கேன் என்றால் அறிக்கை மட்டும் போதாது, ஃபிலிமும் குறுந்தகடும் வேண்டும். நரம்பியல் மருத்துவர்கள் பெரும்பாலும் படத்தைத் தாமே பார்க்க விரும்புவார்கள். ஓராண்டு கழித்து எடுக்கும் ஸ்கேனை ஒப்பிடவும் பழைய படம் தேவைப்படும். உண்ணும் எல்லா மருந்துகளின் பட்டியலில் கருத்தடை மாத்திரை, தூக்க மாத்திரை, நாட்டு மருந்து, உடற்பயிற்சிக் கூடத்தில் கொடுத்த பொடி, மது ஆகியவையும் அடங்கும்.

யாரிடம் போவது

பொது மருத்துவரிடம் தொடங்குவதில் தவறில்லை. சர்க்கரை, வைட்டமின் பி12, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், எச்.ஐ.வி., சிஃபிலிஸ் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளிலேயே பலருடைய விசாரணை முடிந்துவிடுகிறது. முட்டை, மீன், இறைச்சி உண்ணாதவர்களுக்கும், சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் உண்பவர்களுக்கும் பி12 குறைவு வர வாய்ப்பு அதிகம். நடை தள்ளாடும் அளவுக்குத் தண்டுவடத்தையே அது பாதிக்கும், விரைவில் கண்டுபிடித்தால் மீட்கவும் முடியும். தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தால் அதை மறைக்காமல் காட்டுங்கள். தொழுநோய் இந்தியாவில் இன்னும் இருக்கிறது. அது நரம்பைத் தாக்கும் நோய். கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது.

அதன்பின் நரம்பியல் மருத்துவர். இவரும் நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவரும் வேறு வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. இடம் தெரிந்த கட்டி, நரம்பை அழுத்தும் முதுகெலும்புத் தட்டு (டிஸ்க்) போன்றவற்றுக்கு அறுவை மருத்துவர். காரணம் தெரியாத நிலையில் முதலில் பார்க்க வேண்டியவர் நரம்பியல் மருத்துவர். தமிழ்நாட்டில் பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தத் துறை இருக்கிறது. அங்கே விடை கிடைக்காவிட்டால் புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா போன்ற இடங்களுக்குப் பரிந்துரைக் கடிதத்தோடு செல்லலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், எந்தச் சோதனை அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சோதனைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எந்தத் துறைக்குப் போவதென்று தெரியாமல் நிற்பவர்கள் 104 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

தடயத்தைக் கலைக்காதிருத்தல்

காத்திருக்கும் காலத்தில், நல்லெண்ணத்தோடு நாம் செய்யும் சில காரியங்கள் விசாரணையைக் குழப்பிவிடும். மருந்துக் கடையில் “நரம்பு ஊசி” போட்டுக்கொள்வது அவற்றில் முதலாவது. பெரும்பாலும் அது பி வைட்டமின் கலவை. இரத்தம் எடுப்பதற்கு முன் போட்டுக்கொண்டால் பி12 அளவு உயர்ந்து, குறைவு இருந்ததே தெரியாமல் போகும். பி12 குறைந்தவர் ஃபோலிக் அமிலம் மட்டும் உண்டால் இரத்தசோகை சரியாகும். நரம்புச் சேதமோ தொடர்ந்து நடக்கும். பி6 வைட்டமினை மாதக்கணக்கில் அதிக அளவில் உண்டால் அதுவே பாதத்தை மரக்கச் செய்யும். முதலில் இரத்தம் கொடுத்துவிட்டு, மருத்துவர் சொல்லும் அளவில் தொடங்குவதே முறை.

ஸ்டீராய்டு மாத்திரையை யாராவது அவசரத்தில் எழுதிக் கொடுத்தால், ஸ்கேனோ தண்டுவட நீர்ச் சோதனையோ முதலில் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். பார்வை போகும் நிலை, கால் விழும் நிலை என்றால் உடனே கொடுப்பதுதான் சரி. மற்ற நேரங்களில் அது சில நோய்களின் தடயத்தை அழித்துவிடக்கூடும். நாட்டு மருந்து உண்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். சித்த மருத்துவத்தின் மீது குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் பற்பம், செந்தூரம் வகைகளில் சில, பாதரசம், ஈயம், பாடாணம் கொண்டு செய்யப்படுபவை, முறையாகச் செய்யப்படாதபோது நரம்பையே கெடுப்பவை. உண்கிறோம் என்று தெரிந்தால்தான் இரத்தத்தில் அவற்றின் அளவைப் பார்க்க முடியும். ஏற்கெனவே உண்டுவரும் வலிப்பு மாத்திரையையோ, தசை இறுக்கத்துக்கான மாத்திரையையோ, தூக்க மாத்திரையையோ திடீரென்று நிறுத்துவதும் ஆபத்தானது.

சோதனை நாள்

எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் கூடாது. மூக்குத்தி, மெட்டி, ஊக்கு, கொண்டை ஊசி எல்லாம் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்றத் தயங்குபவர்கள், முந்தைய நாளே மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டி அணிந்துகொள்வது வழக்கம். பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, பழைய அறுவையில் வைத்த கிளிப், லேத் பட்டறை வேலையில் கண்ணில் தெறித்த இரும்புத் துகள் எதுவாக இருந்தாலும் முன்பே சொல்லுங்கள். உள்ளே பெரும் சத்தம் இருக்கும், அரை மணி நேரத்துக்கு மேலும் அசையாமல் படுத்திருக்க நேரும். குறுகிய இடத்துக்கு அஞ்சுபவர் தேதி வாங்கும்போதே சொன்னால் மயக்கத்துக்கு ஏற்பாடு செய்வார்கள்.

மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுக்கும் நாளில் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போக வேண்டும். நரம்புக் கடத்தல் சோதனைக்கும் கை கால்களில் எண்ணெயோ களிம்போ இருக்கக் கூடாது; கை சில்லிட்டிருந்தால் நரம்பின் வேகம் குறைவாகக் காட்டும் என்பதால் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளலாம். சிறு மின் அதிர்வுகள் இருக்கும், தாங்கக்கூடியவைதான்.

முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுப்பது என்றதும் குடும்பமே கலங்கிவிடுகிறது. கால் விளங்காமல் போய்விடும் என்ற பயம். என் தங்கை இரண்டு முறை மறுத்தாள். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது, இரண்டாவது அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்கும் கீழே போடப்படுகிறது. அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள் மட்டுமே உள்ளன. ஒரு மருத்துவர் இதைக் காகிதத்தில் வரைந்து காட்டியபின்தான் அவள் சம்மதித்தாள். அதன்பின் எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி சிலருக்குச் சில நாள்கள் வரும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஓய்வெடுக்க வேண்டும்.

“எல்லாம் நார்மல்” என்ற பதில்

இந்தப் பதில் தரும் வேதனையை அனுபவித்தவர்களே அறிவார்கள். எம்.ஆர்.ஐ. உறுப்பின் அமைப்பைக் காட்டுவது. மயஸ்தீனியா, ஒற்றைத் தலைவலி, பலவகை வலிப்பு, கை கால் நரம்புகளின் பல கோளாறுகள் இருக்கும்போது மூளைப் படம் சீராகவே இருக்கலாம். ஒரு முறை எடுத்த இ.இ.ஜி. சீராக இருப்பதால் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. நேர்மாறாகவும் நடக்கும்: முதுகுப் படத்தில் தட்டு பிதுங்கியிருக்கிறது என்ற வரி, எந்த வலியும் இல்லாதவர்களிடமும் பரவலாகக் காணப்படுவது. அதையே காரணமாகப் பிடித்துக்கொண்டு அறுவைக்கு ஓட வேண்டாம். அறிக்கையின் ஒவ்வொரு வரியையும் உங்கள் தொல்லையோடு பொருத்திப் பார்க்கும்படி நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள்.

சிலருக்கு, மூளையின் அமைப்பில் சேதம் இல்லாமல் அதன் இயக்கம் மட்டும் தடம் மாறியதால் வலுக்குறைவோ நடுக்கமோ வலிப்பு போன்ற நிகழ்வோ வருகிறது. செயல்சார் நரம்பியல் கோளாறு என்கிறார்கள். இது நடிப்பு அல்ல, நோயாளி விரும்பி வரவழைப்பதும் அல்ல. எல்லாம் நார்மல் என்பதால் ஒட்டும் முத்திரையாகவும் இது இருக்கக் கூடாது. இதற்கென்று நேரடி அடையாளங்கள் உண்டு. 1908-இல் ஹூவர் என்ற மருத்துவர் விவரித்த சோதனையில், தானாக அழுத்த முடியாத கால், மற்றக் காலைத் தூக்கும்போது தன்னையறியாமல் வலுவோடு கீழே அழுத்துகிறது. பாதை அறுபடவில்லை என்பதற்கு அது சான்று. இந்த நோயறிதல் சொல்லப்பட்டால், “எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறீர்கள், எனக்குக் காட்ட முடியுமா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். இதற்கென்றே வகுத்த இயன்முறைப் பயிற்சியும் உளவியல் சிகிச்சையும் பலருக்குப் பலன் தருகின்றன. “மனசுதான் காரணம், போய் நிம்மதியாக இருங்கள்” என்ற பேச்சோடு அனுப்பப்பட்டவருக்குச் சிகிச்சை இன்னும் தொடங்கவில்லை என்றே பொருள்.

வீட்டில்

உணர்ச்சி குறைந்த பாதங்களுக்கு நம் ஊரில் தனி ஆபத்துகள் உண்டு. கோடையில் கோயில் பிரகாரக் கல்லில் வெறுங்காலுடன் சுற்றிக் கொப்புளம் வந்ததை வீட்டுக்கு வந்தபின் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மாலையில் போவது, காலுறை அணிவது, இரவில் பாதத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணாடியில் பார்ப்பது என்று பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். வெந்நீரை முழங்கையால் சோதித்த பிறகே ஊற்ற வேண்டும், ஒத்தடம் வேண்டாம். குளியலறையில் பாசி இருக்கக் கூடாது, கைப்பிடி ஒன்று வேண்டும், இரவில் ஒரு விளக்கு எரியட்டும். காரணம் தெரியாத மயக்கமோ வலிப்போ வந்தவர்கள் குளியலறையை உள்ளே தாழிடக் கூடாது. கிணறு, குளம், மொட்டை மாடி ஓரம், தனியே அடுப்படி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். மருத்துவர் சொல்லும்வரை இரு சக்கர வண்டியும் வேண்டாம். வேலைக்குப் போவதே வண்டியில்தான் என்பவருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரிந்தே சொல்கிறேன்.

வெயிலில் தொல்லை கூடுபவர்கள் கத்திரி நாள்களில் வெளி வேலையை விடியற்காலைக்கு மாற்றி, ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். உடல் குளிர்ந்ததும் தணிந்தால், அது புதிய தாக்குதலாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஒரு நாளுக்கு மேல் விடாமல் நீடிக்கும் புதிய அறிகுறியை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நோயின் பெயர் தெரியும்வரை இயன்முறைப் பயிற்சியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. தள்ளாட்டத்துக்கும் தசை இறுக்கத்துக்கும் பயிற்சி இப்போதே உதவும். எது பாதுகாப்பானது என்று மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கலாம்.

உறவினர்களுக்கு ஒரே வாக்கியம் போதும்: “நரம்பு சம்பந்தமான தொல்லை, பரிசோதனை நடக்கிறது, தெரிந்ததும் சொல்கிறோம்.” ஒவ்வொருவரின் வைத்திய யோசனைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வலு அங்கேயே தீர்ந்துவிடும். மணமாகாத பெண்ணுக்கு வந்தால் வெளியே தெரியக் கூடாது என்று சிகிச்சையையே தள்ளிப்போடும் குடும்பங்களை மருத்துவமனை வராந்தாவில் பார்த்திருக்கிறேன். ஊருக்குச் சொல்ல வேண்டாம், மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அப்படி இழக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பெண்ணின் கண்ணுக்கும் காலுக்கும் இழப்பு. கருவுற்றிருந்தாலோ, கருத்தரிக்க எண்ணியிருந்தாலோ அதையும் சொல்லியே ஆக வேண்டும். வலிப்புக்கான வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கும்.

இரவில் இணையத்தில் தேடுவதை நிறுத்துவது எளிதல்ல என்று அறிவேன். கெண்டைக்கால் தசை துடிக்கிறது என்று தேடினால் மிகக் கொடிய நோய்தான் முதலில் வரும். வலுக்குறைவோ தசை மெலிவோ இல்லாமல் துடிப்பு மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் தீங்கற்றது என்பது பத்தாவது வரியில் இருக்கும். தேடத் தோன்றும் கேள்வியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அடுத்த ஆலோசனையில் அவற்றுள் முதல் மூன்றை மட்டும் கேளுங்கள். தூக்கம் போய், உணவு வெறுத்து, வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் 14416 என்ற எண்ணில், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையில் எந்நேரமும் தமிழில் பேசலாம். அப்படி அழைப்பதால் உங்கள் நரம்புத் தொல்லை கற்பனை என்று ஆகிவிடாது.

அடுத்த தேதி

ஒவ்வொரு ஆலோசனையிலும் எழுந்து வருவதற்கு முன் நான்கு விடைகளை வாங்கிக்கொள்ளுங்கள்: இப்போது எந்தெந்த நோய்களை எண்ணுகிறீர்கள், எவை இல்லை என்று ஆகிவிட்டன, என்ன நடந்தால் நாங்கள் உடனே வர வேண்டும், அடுத்து எப்போது வர வேண்டும். “தேவைப்பட்டால் வாருங்கள்” என்றால், ஆறு மாதத்தில் மறுபடி உடலைச் சோதிக்கத் தேதி கேளுங்கள். பல நரம்பு நோய்கள் முதல் சோதனையில் முகம் காட்டாமல், ஆறு மாதமோ ஓராண்டோ கழிந்து செய்யும் மறு சோதனையில்தான் தெளிகின்றன. மருத்துவரை மாற்றுவதானாலும், முழுக் கோப்போடும் முதல் பக்கச் சுருக்கத்தோடும் ஒரே ஒருவரிடம் மாறுங்கள். மாதத்துக்கு ஒருவர் என்று அலைந்தால் உங்கள் நோயின் போக்கைத் தொடர்ந்து பார்த்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். தங்கையின் நோட்டில் இப்போது நான்காவது ஆண்டு ஓடுகிறது. பெயர் தெரிந்த பிறகும், மருந்து வேலை செய்கிறதா என்று முடிவு செய்ய அவளுடைய மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.